9ஆம் உறுப்புரையா, நீதிமன்றத்தின் அதிகாரமா? புது யாப்பில் எதை முதலில் கேட்பது?

வெள்ளவத்தை மாறன்

இலங்கைக்குப் புது அரசியலமைப்பு, அதாவது புது யாப்பு, என்ற கதை மறுபடி எழும்பியிருக்கிறது. நம் ஆட்கள் இரண்டு பேர் கூடினால் பேச்சு உடனே 9ஆம் உறுப்புரைக்குப் போய்விடுகிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதை நீக்கு, மதச்சார்பற்ற அரசு என்று எழுது. என் விருப்பமும் அதுதான். ஆனால் நம் பலம் முழுவதையும் அந்த ஒரு வரிமேல் போட்டால் கையில் எதுவும் மிஞ்சாது என்று நினைக்கிறேன், அதனால்தான் இந்த இழை.

1972 மே 22ஆம் திகதி ஒரே யாப்பில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை. மற்றதை நாம் பேசுவதே இல்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றிவிட்டால் அது யாப்புக்கு முரணா இல்லையா என்று பார்க்கும் அதிகாரம் நீதிமன்றங்களிடமிருந்து அன்றைக்கே பிடுங்கப்பட்டது. 1978 யாப்பு இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. முதலாவது 9ஆம் உறுப்புரை ஆனது, இரண்டாவது 80(3) ஆனது. சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தச் சட்டம் எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் எந்த நீதிமன்றமும் அதைத் தொட முடியாது. நிறைவேறுமுன், சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

அதற்கு முன்பு, சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. எந்த மதத்தையும் தடுக்கிற, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத சலுகை கொடுக்கிற சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது, இயற்றினால் செல்லாது என்றது அது. 1964இல் ரணசிங்க வழக்கில் அன்றைக்கு நம் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) இதைப் பற்றிச் சொன்னதன் சாரம், இலங்கை மக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையே இதுதான், இந்த நம்பிக்கையில்தான் அவர்கள் அந்த யாப்பையே ஏற்றார்கள் என்பது. செல்லாது என்று சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்ததால்தான் அந்தப் பிரிவுக்கு மதிப்பு. நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிட்டு மதச்சார்பற்ற அரசு என்று எழுதினாலும் அது தாளிலேயே இருந்துவிடும்.

இன்னொன்று, 9ஐ மாற்ற மூன்றில் இரண்டும் வேண்டும், அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அந்த வாக்கெடுப்பில் நாம் வெல்வோம் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். 80(3)ஐத் தூக்கக் கேட்பது சிங்கள மக்களுக்கும் நன்மை தருகிற கோரிக்கை. அவர்களிலும் ஆயிரம் பேர் அதற்காகப் பேசுகிறார்கள். என் கேள்வி இவ்வளவுதான்: முதல் கோரிக்கை எது?

கொட்டாஞ்சேனை ரீச்சர்

தம்பி, நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீதிமன்றம் என்றால் மதச் சிறுபான்மையின் பக்கம் நிற்கும் என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?

2003இல் மென்சிங்கன் சபைக் கன்னியாஸ்திரிகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிற சபை, தங்களைச் சட்டப்படி கூட்டிணைக்க ஒரு சட்டமூலம் கேட்டது. இப்படி எத்தனையோ அமைப்புகளுக்கு நாடாளுமன்றம் கூட்டிணைப்புச் சட்டம் கொடுத்திருக்கிறது, இது புதிய விசயம் இல்லை. அதை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். கல்வியும் மருத்துவமும் கொடுத்துக்கொண்டே மதத்தையும் பரப்புவது ஆசைகாட்டுவதாகும், அப்படிக் கிறிஸ்தவம் பரப்புவது பௌத்த சாசனத்தின் இருப்பையே பாதிக்கும், ஆகவே இந்தச் சட்டமூலம் 9க்கும், சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தருகிற 10க்கும் முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. என்ன பிரயோசனம்? அடுத்த வருடம் சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவுக்கு முறைப்பாடு போகும் வழியைத் திறந்த இணக்கமே நம் யாப்புக்கு முரண் என்று இதே உயர் நீதிமன்றம் தீர்ப்பெழுதியது.

9ஆம் உறுப்புரையில் உள்ள வரிகள் எத்தனை? அந்தச் சின்ன வசனத்துக்கு இவ்வளவு பெரிய அர்த்தம் கொடுத்தது நாடாளுமன்றம் இல்லை, நீதியரசர்கள். 9 இருக்கும்வரை நீதிமன்றத்துக்கு அதிகாரம் கூடக் கூட 9க்கும் அதிகாரம் கூடும். இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

கறுப்புக்கோட்டு

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு விசயம்.

ரீச்சர் சொன்னது சரி. மென்சிங்கன் தீர்மானத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். 10ஆம் உறுப்புரை முழுமையான உரிமை, எந்தக் காரணம் சொல்லியும் அரசு அதைச் சுருக்க முடியாது. அப்படிப்பட்ட உரிமை உள்ள யாப்பில் இப்படி ஒரு தீர்மானம் வந்தது இன்றைக்கும் எனக்கு ஏற்கவில்லை.

ஆனால் அதே நீதிமன்றத்தின் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2004இல் பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அதன் முக்கியமான பிரிவுகள் 10க்கு முரண், சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் சட்டமாக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். சட்டமூலம் அங்கேயே நின்றுவிட்டது. பௌத்தத்தை அரச மதம் ஆக்கும் யாப்புத் திருத்தம் ஒன்றையும் அதே கட்சி கொண்டுவந்தது, அதற்கும் அதே பதில். 2007இல் வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில், தீர்ப்பின் முடிவு நமக்குப் பிடிக்குதோ இல்லையோ, இலங்கை மதச்சார்பற்ற நாடு, இங்கே அரச மதம் என்று ஒன்று இல்லை என்று எழுதியிருக்கிறது. ஆகவே 9 என்றால் என்ன என்ற கேள்விக்கு நீதிமன்றம் இன்னும் ஒரே பதிலை வைத்திருக்கவில்லை. வாதாட இடம் இருக்கிறது.

இரண்டாவது, நீதிமன்ற அதிகாரமும் மதமும் இந்த நாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது 1962இலேயே தெரிந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது, கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடங்களுக்குள் போய்க் குந்தியிருந்து போராடினார்கள். 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளின் சதி முயற்சி, அதில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். சதி பிழை, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அரசாங்கம் செய்தது என்ன? அந்த 24 பேரைத் தண்டிப்பதற்கென்றே பின்திகதியிட்ட ஒரு சட்டம் இயற்றியது. சாட்சிய விதிகளை மாற்றியது, குறைந்தது பத்து வருடச் சிறை என்று முன்கூட்டியே எழுதி வைத்தது, விசாரிக்கிற நீதியரசர்களை அமைச்சரே தெரிவு செய்யலாம் என்றது. முதல் அமர்வு நீதியரசர்களே எங்களை அமைச்சர் நியமிக்க முடியாது என்று சொல்லி எழும்பினார்கள். கடைசியில் 11 பேருக்குத் தண்டனை. 1965 டிசம்பரில் கோமறைக் கழகம் அவ்வளவையும் ரத்துச் செய்தது, காரணம் இதுதான்: நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது, நாடாளுமன்றம் சட்டம் என்ற பெயரில் தீர்ப்பு எழுத முடியாது. லியனகே வழக்கு என்று உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிப்பிக்கிறார்கள். நம் நாட்டில் அதற்குக் கிடைத்த பரிசு, சில வருடத்தில் கோமறைக் கழகத்துக்குப் போகும் வழியே மூடப்பட்டது.

பழைய யாழ்தேவி

29(2) பற்றி எல்லோரும் உருகி எழுதுகிறீர்கள். அது இருந்தபோதுதான் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்கும் போனது. கோடாக்கன்பிள்ளை வழக்கு 1953. அதே கோமறைக் கழகம்தான் அந்தச் சட்டங்களில் பிழை இல்லை என்றது. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது, மேலே போனபோது அரச ஊழியர் சம்பளத்துக்கு அரசுமேல் வழக்குப் போடலாமா என்ற கேள்விக்குள் வழக்கைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. நீதிமன்றத்தை நம்பிக் காலம் போனதுதான் மிச்சம்.

வெள்ளவத்தை மாறன்

ஐயா, நீங்கள் சொன்ன கோடீஸ்வரன் வழக்கையே எடுப்போம். கொழும்பில் ஒரு மாவட்ட நீதிபதி, ஒரு சிங்கள அரசாங்கத்தின் மிகப் பெரிய சட்டத்தைச் செல்லாது என்று எழுத முடிந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் தேவதூதன் வந்து உட்கார்ந்தாலும் அப்படி எழுத முடியாது, சட்டம் விடாது. கோமறைக் கழகம் 1969இல் வழக்கைத் திருப்பி அனுப்பி மொழிச் சட்டத்தைப் பாருங்கள் என்றது. பார்ப்பதற்குள் வழியையே அடைத்துவிட்டார்கள். நீதிமன்றம் நம்மைக் கைவிட்டது ஒரு பகுதி. நமக்குச் சார்பாகப் போய்விடுமோ என்ற பயத்தில் அதன் அதிகாரத்தை வெட்டினார்கள் என்பது மற்றப் பகுதி. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவசர சட்டமூலமாகப் போனது. யாரும் பார்த்து எதிர்க்க அவகாசமே இல்லை. அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சட்டத்தில் உள்ளே போனார்கள், ஒருவராவது இந்தச் சட்டமே யாப்புக்கு முரண் என்று வழக்காட முடிந்ததா? 80(3) குறுக்கே நின்றது.

தெமட்டகொடை நானா

மாறன் தம்பி, நான் சட்டம் படித்தவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். எங்கள் மார்க்கத்தில் மய்யித்தை, இறந்தவரின் உடலை, எரிப்பது என்றால் என்ன என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. என் மாமா ஒருவரும் அப்படிப் போனார். பெட்டியை வாங்கப் போகாத குடும்பங்கள் இருக்கின்றன. பிறந்து இருபது நாளான பிள்ளையைக்கூட எரித்தார்கள், பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், அதில் சிங்களச் சகோதரர்கள் நிறையப் பேர். அந்தத் துணிகளை நான் மறக்க மாட்டேன்.

நாங்கள் நீதிமன்றம் போனோம். முஸ்லிம்கள் மட்டும் இல்லை, கிறிஸ்தவர்களும் போனார்கள். 11 மனு. 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், விசாரணைக்கு எடுக்கவே அனுமதி இல்லை என்று பெரும்பான்மை முடிவாகத் தள்ளிவிட்டது. ஒரு காரணம் எழுதவில்லை. தோற்றதைக்கூட மனசு ஏற்கும், ஏன் என்று ஒரு வரி சொல்லாததை ஏற்க முடியாது. 2021 பெப்ரவரியில் அரசாங்கமே மாற்றியது, ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது, நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை.

இது சட்டம்கூட இல்லை, ஒழுங்குவிதி. 80(3) இதற்குப் பொருந்தாது. முழு அதிகாரமும் கையில் இருந்தது, பயன்படுத்தவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வெள்ளவத்தை மாறன்

நானா, உங்கள் மாமாவின் விசயம் வாசித்து நெஞ்சு கனத்துப்போனது. இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் எழுத மாட்டேன். மற்றவர்கள் எழுதட்டும், பிறகு வருகிறேன்.

முல்லை மண்

கொழும்பில் இருந்து வேலை செய்கிறேன், ஊர் முல்லைத்தீவு. நீங்கள் எல்லோரும் உயர் நீதிமன்றத்தையே பார்க்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் மதமும் அரசும் மோதுகிற இடம் நீதவான் நீதிமன்றம்.

2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கிருந்த விகாரையின் பிக்கு காலமானார். கோயில் வளவில் தகனம் செய்யக் கூடாது, வேறு இடத்தில் செய்யுங்கள் என்று நீதிமன்றம் கட்டளை போட்டது. கட்டளை கையில் இருக்க, பொது பல சேனாவின் ஞானசார தேரர் உட்படப் பிக்குகள் நிற்க, பொலிஸ் பார்த்துக்கொண்டிருக்க, தீர்த்தக் கேணிக்குப் பக்கத்திலேயே தகனம் நடந்தது. கேட்கப் போன சட்டத்தரணிக்கு அடி. இதே தேரர் நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் ஆறு வருடத் தண்டனை பெற்றவர், 2019 மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர். மன்னித்து நாலே மாதத்தில் நீராவியடி.

பிறகு குருந்தூர்மலை. ஆதி ஐயனார் இருந்த மலை, 2021 ஜனவரியில் தொல்பொருள் அகழ்வு என்று அமைச்சரும் படையினரும் வந்தார்கள். புதிதாக ஒன்றும் கட்டாதே என்று 2022இல் நீதிமன்றம் கட்டளையிட்டது, கட்டடம் எழும்பியது. 2023 ஜூலையில் நீதவான் ரி. சரவணராஜா நேரில் மலைக்குப் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் சரத் வீரசேகர சபையில் அந்த நீதவானைத் தாக்கிப் பேசினார். நீதவான் பதில் சொல்ல முடியாது, சபையில் பேசியதற்கு வழக்கும் போட முடியாது. செப்டெம்பரில் உயிருக்கு மிரட்டலும் அழுத்தமும் இருக்கிறது என்று கடிதம் எழுதிப் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். அரசாங்கத் தரப்பு அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தது. வடக்குக் கிழக்கில் சட்டத்தரணிகள் நீதிமன்றம் போகாமல் தெருவில் நின்றார்கள்.

80(3), 9 எல்லாம் பெரிய இடத்து விசயம். தன் கட்டளையை நிறைவேற்ற ஒரு பொலிஸ்காரரைக்கூட நகர்த்த முடியாத நீதவான் இருக்கும்வரை நீங்கள் யாப்பில் எதை எழுதினாலும் எங்கள் கோயிலுக்கு ஒன்றும் நடக்காது. மாறன் அண்ணாவின் கேள்விக்கு என் பதில்: முதல் கோரிக்கை நீதவானின் பாதுகாப்பும், கட்டளையை மீறினால் யாராக இருந்தாலும், எந்த உடை போட்டிருந்தாலும் தண்டனையும்.

கொழும்பு ஆறு நிவே

எல்லோரும் பெரியவர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள், ஒரு விசயம் நேராகக் கேட்கிறேன். மதமும் அரசும் பிரிய வேண்டும் என்று நாம் கேட்பது பௌத்தத்துக்கு மட்டுமா?

16ஆம் உறுப்புரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 1978க்கு முன் இருந்த சட்டம் எதுவும் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அது சொல்கிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், அதன்கீழ் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றம், யாழ்ப்பாணத் தமிழருக்கான நம் தேசவழமைச் சட்டம், கண்டியச் சட்டம், எல்லாம் அந்தக் குடையின் கீழே. தேசவழமையில் கல்யாணம் கட்டிய யாழ்ப்பாணத்துப் பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடப் புருசன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. முஸ்லிம் பெண்கள் எத்தனையோ வருடமாகக் காதி நீதிமன்றங்களில் படுகிற பாட்டைச் சொல்லிப் போராடுகிறார்கள். அவர்கள் நீதிமன்றம் போய் இந்தச் சட்டம் சமத்துவத்துக்கு முரண் என்று கேட்க முடியாதபடி கதவை அடைத்தது பிக்குகள் இல்லை. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும் என்று நம் பக்கத்து ஆம்பிளைகளும்தான் நிற்கிறார்கள்.

மாவிட்டபுரம் ஞாபகமா? சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1968இல் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாமல் அடித்தவர்கள் யார்? அன்றைக்கு அரசின் சட்டம்தான் அந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் இருந்தது.

தெமட்டகொடை நானா

நிவே மகள், காதி விசயத்தில் மாற்றம் வேண்டும் என்று எங்கள் பெண்கள் கேட்பது நியாயம், நான் அதற்கு ஆதரவு. ஆனால் 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று செயலணி போட்டு அதற்குத் தலைவராக ஞானசாரரை வைத்தபோது, எங்கள் பிள்ளைகளின் நியாயமான கேள்வியை யாருடைய கையில் கொடுக்கிறோம் என்ற பயம் எங்களுக்கு வந்தது. அந்தப் பயம் பொய் இல்லை.

கொழும்பு ஆறு நிவே

பயம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன் நானா. அதனால்தான் இது செயலணி கையில் போகாமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். பாதிக்கப்பட்ட பெண் தானே வழக்கு வைக்கட்டும், வேறு யாரும் அவளுக்காகப் பேச வேண்டாம்.

கறுப்புக்கோட்டு

நிவே சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான இடம். 80(3) போக வேண்டும் என்று கேட்கிறவர் 16உம் போக வேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்தியாவில் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு வந்த கதையைப் பாருங்கள். கேசவானந்த பாரதி, கேரளத்தில் ஒரு மடத்தின் தலைவர். மடத்துக் காணியை அரசு எடுப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1973இல் தீர்ப்பு வந்தபோது மடத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் யாப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றம் தொட முடியாது என்ற கொள்கை பிறந்தது. 1994இல் பொம்மை வழக்கில் மதச்சார்பின்மை அந்த அடித்தளத்தில் ஒன்று என்றும் ஆகிவிட்டது. இங்கே 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தின்போது அதே வாதம் வைக்கப்பட்டது, ஒன்பது நீதியரசர்கள், ஐந்துக்கு நாலு என்று பிரிந்தார்கள், அந்தக் கோட்பாடு இங்கே ஏற்கப்படவில்லை. அதனால்தான் 13 தப்பியது என்பதையும் தமிழர்கள் நாம் நினைவில் வைக்க வேண்டும். அப்போது பிரதம நீதியரசர் சர்வானந்தா. நீதிமன்ற அதிகாரம் எப்போதும் நம் பக்கம் வெட்டும் கத்தி இல்லை.

ஆனாலும் மாறன் அண்ணா பக்கம்தான் நிற்கிறேன். காரணம் 2012, 13. திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும், வடக்கில் சபை இல்லை என்பதற்காக ஆளுநர் அந்தச் சம்மதத்தைக் கொடுக்க முடியாது என்று பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான அமர்வு சொன்னது. அதாவது அன்றைக்கு இல்லாத ஒரு வடக்கு மாகாண சபையின் உரிமையை நீதிமன்றம் காப்பாற்றியது. கையோடு அவரைப் பதவி நீக்க நாடாளுமன்றத்தில் குற்றப்பிரேரணை, 14 குற்றச்சாட்டு. தெரிவுக் குழுவுக்கு நீதியரசரைக் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் இல்லை என்றது உயர் நீதிமன்றம். குழுவின் அறிக்கையையே ரத்துச் செய்தது மேன்முறையீட்டு நீதிமன்றம். நாடாளுமன்றம் காதில் போடவில்லை, 2013 ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்று வாக்களித்து அனுப்பியது. அந்த நாட்களில் புதுக்கடையில் நின்றவர்களைக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு நீதியரசர் பேனாவை எடுக்கும்போது அந்த ஜனவரி அவருக்கு ஞாபகம் வராதா? 2015இல் அந்த அநியாயம் திருத்தப்பட்டு, அவர் ஒரு நாள் ஆசனத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீபவன் பிரதம நீதியரசராக வந்தார், சரி. ஆனால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

2018ஐயும் சொல்ல வேண்டும். ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார், வழக்கில் முதல் மனுதாரர் சம்பந்தன் ஐயா, ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். நியமனம் அரசியலமைப்புப் பேரவை வழியாக வந்த காலம் அது. யார் நியமிக்கிறார்கள், யார் நீக்கலாம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் தங்கியிருக்கிறது.

வெள்ளவத்தை மாறன்

நானாவின் கேள்விக்கு வருகிறேன்.

2020 டிசம்பரில் நீதிமன்றம் பயன்படுத்தாத அதிகாரத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அதிகாரம் இருந்தாலே நியாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த முடிவை நாம் எதை வைத்து இன்றைக்கும் பிழை என்கிறோம்? 10ஆம் உறுப்புரையை வைத்து. காரணம் எழுதாததால்தான் அந்த முடிவு இவ்வளவு கசக்கிறது. ஆகவே நான் முதலில் எழுதியதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அடிப்படை உரிமை மனு ஒன்றை விசாரணைக்கு எடுக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்று யாப்பிலேயே வரட்டும். இன்றைக்கு அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான், ஒரு மாதத்துக்குள்தான் போட முடியும். முல்லைத்தீவில் நடந்த அநியாயத்துக்கு ஒரு மாதத்துக்குள் கொழும்பு வந்து சட்டத்தரணி பிடிக்க எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரம் போக வேண்டும், காலக்கெடுவும் நீள வேண்டும்.

9ஐப் பற்றி ரீச்சருக்கு: அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. 1971இல் தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையில் மதச்சார்பற்ற அரசு என்றுதான் கேட்டது, அந்தக் கோரிக்கை பதிவில் இருக்க வேண்டும், நாமும் வைக்க வேண்டும். மார்க்சியம் பேசிய கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராக இருந்தே அந்த வரியை எழுத வைத்தார்கள் என்றால், இன்றைக்கு ஆட்சியில் இருப்பவர்கள் அதில் கை வைப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அதனால் வைக்கிற வரிசையைத்தான் பேசுகிறேன்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்

வரிசை என்றால் சரி தம்பி, ஆனால் ஒரு நிபந்தனை. 9 நீங்காவிட்டால், 9ஐக் காட்டி 10ஐக் குறைக்க முடியாது என்று ஒரு துணை வசனம் கட்டாயம் வேண்டும். இரண்டும் மோதினால் 10 மேலே என்று எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நீதிமன்றத்துக்கு மட்டும் பலம் கொடுத்தால் மென்சிங்கன் மறுபடி வரும், இந்த முறை நிறைவேறிய சட்டங்களையும் சேர்த்து அடிக்கும். எங்கள் பாடசாலைகளுக்கான கூட்டிணைப்புச் சட்டங்களையே எவராவது போய் 9க்கு முரண் என்று கேட்கலாம், யோசித்தீர்களா?

கறுப்புக்கோட்டு

ரீச்சர் சொன்ன ஆபத்து உண்மையானது. நிறைவேறிய சட்டத்தைச் சோதிக்கும் அதிகாரம் வந்தால் அது எல்லோருக்கும் திறந்த வாசல், ஹெல உறுமய போன்றவர்களுக்கும்தான். அதைத் தடுக்க ஒரு வழி, சட்டத்தைச் சோதிக்கும் மனுவை அடிப்படை உரிமை அத்தியாயத்தின் பேரில் மட்டும் கேட்கலாம் என்று வரையறுப்பது. 9 அந்த அத்தியாயத்தில் இல்லை, 10 இருக்கிறது. அப்படி எழுதினால் 10ஐ வைத்துச் சட்டத்தை விழுத்தலாம், 9ஐ வைத்து விழுத்த முடியாது. துணை வசனமும் சேர்ந்தால் இன்னும் பலம்.

பழைய யாழ்தேவி

இது நல்ல யோசனை. நான் இன்னும் நீதிமன்றத்தை நம்பவில்லை, ஆனால் இதை எழுதிக் கொடுத்தால் கையெழுத்து வைப்பேன்.

முல்லை மண்

நானும். ஆனால் நீதவான்களின் விசயத்தை முதல் பக்கத்தில் போடுங்கள், பின்னிணைப்பில் போடாதீர்கள். நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றாத பொலிஸ் பொறுப்பதிகாரி தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும் என்றும், நீதிமன்ற அவமதிப்புக்கான தண்டனையில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுப்பதானால் அந்த நீதிமன்றத்தின் கருத்தை முதலில் பகிரங்கமாகப் பெற வேண்டும் என்றும் சேருங்கள்.

கொழும்பு ஆறு நிவே

16உம் முதல் பக்கம். இல்லாவிட்டால் என் கையெழுத்து இல்லை.

வெள்ளவத்தை மாறன்

இரண்டும் முதல் பக்கத்தில் வரும். கறுப்புக்கோட்டு தம்பி, அந்த வரையறையை நீங்கள்தான் சட்ட மொழியில் எழுத வேண்டும், ஏற்கெனவே இருக்கும், சட்டமூலங்களைச் சோதிக்கும் 120, அடிப்படை உரிமை மனுவுக்கான 126ஆம் உறுப்புரைகளோடு முட்டாமல். ரீச்சரின் துணை வசனத்தை நான் எழுதிப் பார்க்கிறேன், ஞாயிறு பூசை முடிந்து நேரம் இருந்தால் ரீச்சர் பார்த்துத் திருத்தித் தாருங்கள். நானா, காரணம் எழுத வேண்டும் என்ற பகுதிக்கு உங்கள் வசனங்களையே எடுக்கலாமா? பெயர் போட மாட்டேன்.

தெமட்டகொடை நானா

எடுங்கள் தம்பி. மாமாவின் பெயரையும் போடலாமா என்று மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.